பித்தவெடிப்புக் குதிகாலைச் சரிசெய்வது எப்படி?

என் அம்மா காலை நீட்டிப் படுத்தால் போர்வை நூல் குதிகாலில் மாட்டிக்கொண்டு இழுபடும். அந்த அளவுக்கு வெடிப்பு. "உடம்புல பித்தம்" என்று சொல்லியே பல வருடம் விட்டுவிட்டோம். உண்மையில் இது தோலின் மேலடுக்கு காய்ந்து தடிப்பதால் வருவது.

கால் தேய்க்கும் கல்லை எடுக்கும் முன் அந்த மேலடுக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அது முழுக்க இறந்த செல்கள். உடம்பில் பெரும்பாலான இடங்களில் 15, 20 வரிசைதான். மொத்தமும் தாளைவிட மெல்லியது. செல்கள் செங்கல் என்றால், நடுவில் காரையாக நிற்பது செராமைடு என்ற ஒருவகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். உடம்பின் நீரை வெளியே விடாமலும் கிருமியை உள்ளே விடாமலும் காப்பது இந்தச் சுவர். குதிகாலில் இது பல மடங்கு தடிமன். ஆனால் உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. காய்ந்துபோன தடித்த தோல்மேல் உடம்பின் எடை இறங்கும்போது, வளைய முடியாமல் பிளந்துவிடுகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெடிப்பில் ரத்தமோ சீழோ வருபவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

படி 1: வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். சோப்பு வேண்டாம். தோலின் மேற்பரப்பு பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 5 அளவில் லேசான அமிலம். சாதாரண சோப்புக்கட்டி 9, 10, அதாவது காரத்தன்மை. அது காரையைத்தான் முதலில் அரிக்கும்.

படி 2: கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். வாரம் ஒருமுறை போதும். பிளேடு வேண்டவே வேண்டாம்.

படி 3: பலரும் விட்டுவிடுவது இதைத்தான். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே 10 சதவீதம் யூரியா உள்ள க்ரீமைத் தடவுங்கள். யூரியா நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள், நீரைப் பிடித்து வைக்கும். வெடிப்பு ஆழமாக இருந்தால் எரியும். அந்த இடத்தில் வாசலின் மட்டும் போதும். மற்ற இடங்களிலும் க்ரீம்மேல் வாசலின் பூசிவிடுங்கள், பிடித்த நீர் ஆவியாகாது.

படி 4: பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

க்ரீமும் வாசலினும் தினமும் இரவில் வேண்டும். அம்மாவுக்கு மூன்றாவது வாரத்தில்தான் போர்வை மாட்டாமல் நழுவியது. இப்போதும் விடாமல் பூசுகிறார்.