வெயில் தாங்கும் கோதுமை: ரகத் தேர்வில் நாம் சறுக்கும் இடங்கள்

2022 மார்ச்சில் வட இந்தியா வெந்தது நினைவிருக்கும். கோதுமை மணி பிடிக்கும் நேரம் பார்த்து அனல் அடித்ததில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் மணிகள் சுருங்கிப்போக, மே மாதம் மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. வெயில் தாங்கும் ரகம் வேண்டும், அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் தப்பு செய்கிறோம்.

நவம்பருக்குப் பதில் ஜனவரியில் விதைத்து, அதில் அதிகம் விளைந்ததை "வெயில் தாங்கும் ரகம்" என்று எடுத்துவிடுவதுதான் பெரிய தவறு. அது வெயிலைத் தாங்கியதா, இல்லை அனல் வருமுன்னே பூத்துத் தப்பித்ததா? பூத்த தேதியைக் குறித்து வைக்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரே வாரத்தில் பூத்தவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். சீக்கிரம் பூப்பதும் நல்ல குணம்தான், ஆனால் குளிர் நீடிக்கும் வருடத்தில் அந்த ரகம் விளைச்சலில் பின்தங்கிவிடும்.

எந்த ரகம் அனலிலும் குளிர்ச்சியாக நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, பயிரின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியில் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) பார்ப்பவர்கள், ஒரு பாத்தியைக் காலை பத்து மணிக்கும் இன்னொன்றை மதியம் இரண்டுக்கும் அளந்து ஒப்பிடாதீர்கள். செடிகளுக்கு நடுவே வெறும் மண் தெரிந்தால் அதன் சூடும் கணக்கில் ஏறிவிடும், அதனால் கருவியைச் சாய்த்துப் பிடியுங்கள்.

ரகத் தேர்வில் அடுத்து பார்க்க வேண்டியது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். யூரியாவைத் தாராளமாகப் போட்ட வயலில் எந்த ரகம் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று தெரியாது. யூரியா குறைத்த பாத்தியிலும் முன்பு பயறு போட்டிருந்தால் மண்ணிலேயே சத்து மிச்சமிருக்கும், விதைக்குமுன் மண்ணைப் பரிசோதியுங்கள். அறுவடையில் மணியை மட்டும் எடை போடாமல் வைக்கோலில் தங்கிய தழைச்சத்தையும் அளந்தால்தான், செடி மண்ணிலிருந்து நன்றாக எடுக்கிறதா, எடுத்ததை மணிக்கு அனுப்புகிறதா என்பது பிரிந்து தெரியும்.

இலை கடைசிவரை பச்சையாக இருந்தால் மயங்கிவிடாதீர்கள். ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி உமியை ஊதிப் பாருங்கள். மணி ஒல்லியாக, வயிறு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பச்சையால் பயனில்லை. இதற்கு நேர்மாறும் உண்டு. காட்டுக் கோதுமையிலிருந்து 2006-இல் கண்டறிந்த ஒரு மரபணு புரதத்தைக் கூட்டுகிறது, ஆனால் இலையைச் சீக்கிரம் பழுக்கவைக்கும், அனல் காலத்தில் மணி சிறுத்துவிடலாம். அதனால் புரதத்தையும் விளைச்சலையும் சேர்த்தே பாருங்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 2021-இல் ஜப்பான், மெக்சிகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலை. ஒரு காட்டுப் புல்லின் குரோமோசோம் துண்டைக் கோதுமையில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கோதுமையின் வேர் கசியவிடும் பொருள், மண்ணில் தங்கும் தழைச்சத்து வடிவமான அம்மோனியத்தை, எளிதில் கரைந்தோடும் நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது, சத்து மண்ணிலிருந்து ஓடிப்போவது குறைகிறது. இதைச் சோதிப்பவர்கள் மூட்டையை மட்டும் எண்ணினால் போதாது, வேரடி மண்ணில் அம்மோனியம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று பருவம் முழுக்க அளக்க வேண்டும்.