சாக்ஸ் கத்திக்கு உறை தைக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கோடை முகாம் தொடங்கும்போது புதிதாக வந்தவர்களின் முகத்தைவிட இடுப்பைத்தான் முதலில் பார்ப்பேன். இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்ஸன், வைக்கிங் காலத்து வாழ்க்கையை நடித்துக் காட்டும் எங்கள் குழுவில் அங்கியையும் செருப்பையும் கடன் வாங்கிக்கொள்ளலாம். இடுப்பில் கட்டும் சாக்ஸ் கத்தியை மட்டும் ஆளாளுக்குத் தாங்களே செய்துகொள்ள ஆசைப்படுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள கத்தி அது; சாக்ஸன் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். போன மாதம் வந்த ஓர் இளைஞரின் இடுப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையை வெட்டிக்கொள்ளாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

நீளத்துக்கு ஆசைப்படுவது

1857-ல் தேம்ஸ் ஆற்றில் பாட்டர்ஸீ அருகே கிடைத்த சாக்ஸ் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 72 செ.மீ. நீளம், அலகில் 28 ரூன் எழுத்துகள் (வட ஐரோப்பாவின் பழைய எழுத்து), பேக்நாத் என்ற ஒருவரின் பெயர். அதைப் பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் அதுவேதான் வேண்டும். அன்றாடம் ரொட்டி அறுக்கவும் கயிறு வெட்டவும் அந்தக் காலத்து மக்கள் வைத்திருந்தவை சின்னச் சின்னக் கத்திகள். முதல் கத்தி என்றால் அலகு ஒரு சாண் தாண்ட வேண்டாம். நீளக் கத்தியோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

சாணையில் நீலம் பாய விடுவது

தோய்ச்சல் போட்ட பிறகு, அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கி அலகைக் கடினமாக்கிய பிறகு, பெல்ட் கிரைண்டரில் அழுத்தித் தேய்த்தால் கூர் ஓரம் முதலில் வைக்கோல் நிறமாகும், அப்புறம் நீலமாகும். நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். பளபளவென்று தேய்த்து நிறத்தை மறைக்கலாம், போன கடினம் திரும்பாது. கையுறை போடாமல் பிடியுங்கள். விரல் சுடுகிறதா, உடனே தண்ணீரில் முக்குங்கள்.

கூர் கீழே இருக்கும்படி உறை தைப்பது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

சாக்ஸ் உறை ஒரே தோலை மடித்துச் செய்வது. மடிப்பு கத்தியின் முதுகுப் பக்கம், தையல் கூர்ப் பக்கம். நான் சமையலறைக் கத்தியை மனதில் வைத்துக்கொண்டு, கூர் தரையைப் பார்க்கும்படி வார் கோத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கத்தியின் எடை முழுக்கத் தையல்மேல். நடக்கும் ஒவ்வொரு அடிக்கும், உருவிச் சொருகும் ஒவ்வொரு தடவைக்கும் உள்ளே கூர் நூலை உரசிக்கொண்டே இருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முகாமில் விறகு எடுக்கக் குனிந்தேன். தொடையில் ஏதோ சில்லென்றது. நான்கு விரல் அளவு அலகு தையலைப் பிளந்துகொண்டு வெளியே நின்றது. தோலில் ஒரு கீறல், அது ஆறிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கையால் தைத்த கம்பளி அங்கிதான் போயே போய்விட்டது. உறையும் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பழைய ஆட்கள் கூரை மேலே வைத்தார்கள். கத்தி இடுப்பில் படுத்த வாக்கில் தொங்கும். முதுகு மடிப்பின்மேல் உட்காரும். தையலுக்குப் பாரமே இல்லை. யார்க்‌ஷரில் மிடில்டன் ஊர்த் தேவாலயத்தில் உள்ள கற்சிலுவையில் இருக்கும் வீரனின் இடுப்பைப் பாருங்கள், கத்தி வயிற்றுக்குக் குறுக்கே கிடக்கும். தையல் ஓரத்தில் வரிசையாக அடித்திருக்கும் பித்தளை ரிவிட்டை அலங்காரம் என்று நினைத்து நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உருவும்போது கை சற்றுத் தூக்கினால் கூர் தையலில்தான் போய் இடிக்கும். அப்போது நூலைக் காப்பது ரிவிட். இரண்டு தோலுக்கு நடுவில் அரை விரல் அகலத்தில் ஒரு தோல் பட்டியும் வைத்துத் தையுங்கள். பிடியிலும் பாதி உறைக்குள் போகட்டும். யார்க் நகரத்துக் காப்பர்கேட் அகழ்வில் கிடைத்த உறைகளும் பிடியைக் கொஞ்சம் மூடுகிறவைதான். கத்தி நழுவாமல் நிற்பது அந்தப் பிடிப்பில்.

“அப்படியே திருப்பிக் கட்டிக்கறேனே, அண்ணா” என்றார் இளைஞர். முடியாது. ஒரு வாக்கில் திருப்பினால் பிடி இடது கைப்பக்கம் போகும். இன்னொரு வாக்கில் திருப்பினால் பத்து நாள் உட்கார்ந்து செதுக்கிய வேலைப்பாடு வயிற்றைப் பார்க்கும். வார்த் துளையும் தப்பான ஓரத்தில். பிரிப்பதைத் தவிர வழியில்லை என்றேன், முகம் சுண்டிப்போனது. நேற்று போட்டோ அனுப்பியிருந்தார்: பிரித்துப் போட்ட தோல், அதில் மூன்று இடத்தில் ஏற்கெனவே பாதி அறுந்திருந்த நூல்.

ஈரத் தோலில் வெறும் கத்தியைச் சொருகுவது

தாவரப் பதனிட்ட தோலை நனைத்துக் கத்தியோடு அழுத்திக் காயவைத்தால்தான் வடிவம் பிடிக்கும், சரி. ஆனால் அந்தத் தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சிய கதைதான். காலையில் அலகும் கறுப்பு, தோலும் கறுப்பு. கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சொருகுங்கள். அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைக்காதீர்கள், தோல் விறைத்து வெடிக்கும்.

உறையோடு வைத்துப் பூட்டுவது

துரு. எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள்.

‘டமாஸ்கஸ்’ என்று விற்கும் அலை அலையான கோடு போட்ட அலகு

வேண்டாம்.

கத்தியோடு கடைக்குப் போவது

பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் இப்படிப்பட்ட கத்தியை வைத்திருப்பது இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முகாம் வாசலுக்கு வெளியே நீங்கள் பத்தாம் நூற்றாண்டு ஆள் கிடையாது. வழியில் பால் வாங்க இறங்கினாலும் சரி, கத்தி பெட்டிக்குள், பெட்டி கார் டிக்கிக்குள்.