"நன்றி: கூகுள்" வேண்டாம்: ஓவியர் பெயரைச் சரியாகப் போடுவது எப்படி?

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எட்டு வரிக் கவிதை ஒன்றைப் போட்டேன். கூடவே ஒரு ஓவியம். அம்மிக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. வாட்ஸ்அப் குழுவில் வந்த படம்தான். கீழே "படம்: இணையம்" என்று மறக்காமல் எழுதினேன். நேர்மையான ஆள் என்று எனக்கு நானே நினைப்பு.

சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. "அண்ணா, அது எங்க அப்பத்தா. நான் வரைஞ்சது. கீழே பேர் போட்டிருந்தேனே, ஏன் வெட்டினீங்க?"

நான் எங்கே வெட்டினேன் என்று கோபத்தோடு வாட்ஸ்அப்பில் போய்ப் பழைய படத்தைத் திறந்தேன். குழவியின் நிழலுக்குக் கீழே, கடுகு அளவில் இரண்டு எழுத்து. பதிவேற்றும்போது இன்ஸ்டாகிராம் தானாகவே படத்தின் அடிப்பகுதியை நறுக்கியிருக்கிறது. நறுக்கியது அதுதான், ஆனால் பார்க்காமல் 'அடுத்து' என்பதை அழுத்தியது என் விரல்.

அன்று உட்கார்ந்து என் பக்கத்தைப் பின்னோக்கி உருட்டினேன். "நன்றி: கூகுள்", "படம்: இணையம்", "யாரோ வரைந்தது" என்று நாற்பதுக்கும் மேல். மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்துச் சரிசெய்தேன். அப்போது கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. இன்ஸ்டாகிராமில் பதிவு போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள்

தேடல் எல்லாம் அப்புறம். முதலில் படத்திலேயே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்து எப்போதும் வலது கீழ் மூலையில்தான் இருக்கும் என்றில்லை. புடவை மடிப்பில், பானை விளிம்பில், மரத்தின் வேரில் எல்லாம் ஒளித்து வைப்பார்கள். பழைய காலண்டர் படமாக இருந்தால் அடியில் அச்சகத்தின் பெயரும் இருக்கும். அது ஓவியர் பெயர் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு குழப்பம், வாட்டர்மார்க். நான் இதில் விழுந்தேன். ஒரு தெப்பக்குளம் ஓவியத்தில் நடுவே மங்கலாக ஒரு பக்கத்தின் பெயர் இருந்தது. அதையே ஓவியர் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன். அது ஊரார் படங்களை எல்லாம் சேர்த்துப் போடும் பக்கம். திருடிய சட்டையில் தன் பெயரைத் தைத்தவனுக்கு மாலை போட்ட கதை. இப்போது ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன்: கையெழுத்து பெரும்பாலும் வண்ணத்தோடு கலந்திருக்கும், தூரிகையின் தடம் தெரியும். வாட்டர்மார்க் கண்ணாடி மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மேலே மிதக்கும். எல்லாம் கணினியிலேயே வரையும் டிஜிட்டல் ஓவியர்களிடம் இந்தச் சோதனை தோற்கும். அங்கே அந்தப் பெயருள்ள பக்கத்துக்கே போய், மற்ற படங்களும் ஒரே கையால் வரைந்தவையா என்று பார்த்துவிடுங்கள். பத்துப் படம் பத்துப் பாணியில் இருந்தால் அது சேகரிப்புப் பக்கம்.

படி 2: ஆளைத் தேடுங்கள்

என்னை அதிகம் அலையவிட்ட படி இதுதான்.

கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் ஏதாவது வரும். அந்த 'ஏதாவது'தான் சிக்கல். பாட்டி படத்தைப் போட்டால் உலகத்துப் பாட்டிகள் எல்லாம் வருவார்கள். காரணம், லென்ஸ் அதே படத்தை மட்டும் தேடுவதில்லை, அதைப் போன்றவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். எனக்குப் பிடித்த கருவி டின்ஐ (TinEye) என்ற இணையதளம். அது அதே படத்தின் பிரதிகளைத் தேடும். முடிவுகளைப் 'பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தும் வசதியும் உண்டு. முதலில் வருவது டின்ஐ கண்ணில் முதலில் பட்ட பிரதி என்றுதான் அர்த்தம், அதுவே மூலம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் தேடலை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமில் மட்டும் வந்த படங்கள் பெரும்பாலும் அதில் அகப்படாது. அதற்கு லென்ஸுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆக இரண்டும் வேண்டும், டின்ஐ முதலில்.

தேடுவதற்கு முன் ஒரு வேலை. படத்தின் மேல் யாராவது 'இனிய காலை வணக்கம்' எழுதியிருந்தால், எழுத்து இல்லாத பகுதியை மட்டும் வெட்டி அதைத் தேடுங்கள். முழுப் படத்தையும் கொடுத்தால் காலை வணக்கங்களாகவே வந்து விழும். இது தெரியாமல் ஒரு மதியம் முழுக்க வீணடித்தேன்.

பின்ட்ரெஸ்டில் கிடைத்தது என்று நிறுத்திவிடாதீர்கள். பின்ட்ரெஸ்ட் தெருமுனை நோட்டீஸ் பலகை மாதிரி. ஒட்டியவர் வேறு, வரைந்தவர் வேறு. அங்கிருந்து சுட்டியைப் பிடித்து மேலே போக வேண்டும். பல பிரதிகள் கிடைத்தால் அளவில் பெரியதையும் குறைவாக வெட்டுப்பட்டதையும் பாருங்கள், அதுதான் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பகிர்ந்த பதிவுகளின் பின்னூட்டங்களையும் படியுங்கள். "இது இன்னார் வரைந்தது, பெயர் போடுங்கள்" என்று யாராவது ஒரு நல்ல மனுஷர் எழுதியிருப்பார். எனக்கு ஏழெட்டுப் படங்களுக்கு ஆள் கிடைத்தது அப்படித்தான்.

பெயர் கிடைத்த பிறகும் ஒருமுறை சரிபாருங்கள். கல்கி இதழில் 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வன் தொடருக்கு முதலில் படம் வரைந்தவர் மணியம். அவர் மகன் மணியம் செல்வன், ம.செ. என்று பலருக்கும் தெரிந்தவர், அவரும் ஓவியர். பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் அப்பா வரைந்த வந்தியத்தேவனுக்கு மகன் பெயரையும், மகன் படத்துக்கு அப்பா பெயரையும் போடுவது வாராவாரம் நடக்கிறது. நானும் போட்டிருக்கிறேன்.

ஓவியர் எஸ். இளையராஜா கதை இன்னும் வேடிக்கை, வேதனையும்கூட. கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021இல் கொரோனாவில் இறந்துபோனார். சன்னல் வெளிச்சத்தில் நிற்கும் அவருடைய கிராமத்துப் பெண்களைப் புகைப்படம் என்றே நினைத்து, "அருமையான கிளிக்" என்று பகிர்கிறவர்கள் இன்றும் உண்டு. பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இசையமைப்பாளர்தான் வந்து நிற்பார். அதனால் 'ஓவியர் இளையராஜா' என்று முன்னொட்டோடு தேடுங்கள், எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள்.

படி 3: கேளுங்கள்

பெயர் போடுவது வேறு, அனுமதி வேறு. "நன்றி போட்டேனே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்துவிட்டு 'உபயம்: பக்கத்து வீடு' என்று தட்டி வைத்தால் ஒத்துக்கொள்வார்களா?

நான் அனுப்புவது இவ்வளவுதான்: "வணக்கம். உங்கள் இந்த ஓவியத்தை என் பக்கத்தில் ஒரு கவிதையோடு பகிர விரும்புகிறேன். விற்பனை எதுவும் இல்லை. படத்தை வெட்ட மாட்டேன், மேலே எழுத மாட்டேன். உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும்?" கடைசிக் கேள்வி முக்கியம். ஒருவர் முதலெழுத்து இல்லாமல் போடச் சொன்னார். இன்னொருவர் புனைபெயரை மட்டும் போடச் சொன்னார். கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக வரைந்த சில்பியை ஸ்ரீனிவாசன் என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

பதில் வரவில்லை என்றால் நான் போடுவதில்லை. அவர் பதிவையே பகிரும் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் அவர் பெயரும் கூடவே வரும். தரவிறக்கிப் புதிதாக ஏற்றும்போதுதான் பெயர் கழன்று விழுகிறது.

"உரியவர் ஆட்சேபித்தால் நீக்கப்படும்" என்ற வரி எனக்கு ஆகவே ஆகாது. உரியவர் யாரென்று தேடும் வேலையை அவர் தலையிலேயே கட்டும் வரி அது.

படி 4: வெட்டுப்படாமல் ஏற்றுங்கள்

இன்ஸ்டாகிராமில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் முன்னோட்டத்தின் இடது கீழ் மூலையில் ஒரு சின்ன வட்டப் பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் படம் தன் சொந்த விகிதத்துக்கு வரும். ரொம்ப உயரமான படம் என்றால் அப்போதும் மேலும் கீழும் வெட்டுப்படும். பாட்டி படத்துக்கு நடந்தது அதுதான்.

இதற்கு நான் செய்வது: படம் வடிவமைக்கும் செயலியான கேன்வாவில் 1080க்கு 1350 அளவில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறப்பேன். பழுப்புக் காகித நிறம் கொடுத்து, ஓவியத்தை முழுசாக நடுவில் வைப்பேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெறும் இடம் நிற்கும், நிற்கட்டும். கீழ் ஓரத்தில், ஓவியத்துக்கு வெளியே, 'ஓவியம்:' என்று போட்டுப் பெயரை எழுதுவேன். இலவசக் கேன்வாவே போதும். வெள்ளைப் பின்னணி வேண்டாம், ஓவியம் செத்துப்போனது மாதிரி தெரியும்.

போனில் 'தெளிவாக்கு' என்று ஒரு வசதி இருக்குமே, அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். மங்கலான படத்தை மினுமினுப்பாக்குகிறேன் என்று, ஒரு ஓவியத்தின் கையெழுத்தை மண்புழு மாதிரி நெளிய வைத்துவிட்டது. பாட்டியின் சுருக்கங்களையும் இஸ்திரி போட்டுவிட்டது.

படி 5: பெயரை முதல் வரியில் எழுதுங்கள்

கவிதை, அதன் கீழ் ஐந்து புள்ளி, அதன் கீழ் ஹேஷ்டேக் வரிசை, அதற்கும் கீழே ஓவியர் பெயர் என்று போட்டால் அது போட்டதாகவே கணக்கில்லை. நீளமான குறிப்பை இன்ஸ்டாகிராம் மடித்து, 'மேலும்' என்று மட்டும் காட்டும். மடிப்புக்குள் யாரும் போவதில்லை. முதல் வரியே "ஓவியம்: இன்னார்" என்று இருக்கட்டும்.

பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் @ போட்டு அவர் கணக்கையும் கொடுங்கள். கணக்கை மட்டும் கொடுத்தால், நாளைக்கு அவர் அதை மாற்றினால் உங்கள் நன்றி அநாதையாகிவிடும். படத்தின் மேலும் அவரை டேக் செய்யுங்கள், அப்போதுதான் அவர் பக்கத்திலிருந்தும் பதிவு கண்ணில் படும். இணையதள முகவரியைக் குறிப்பில் ஒட்டுவதில் பலனில்லை, இன்ஸ்டாகிராமில் அது அழுத்தினால் திறக்காது. ஃபேஸ்புக்கில் திறக்கும், அங்கே போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேட்பவர்களுக்காக மட்டும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைத்தவர் தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கோரலாம் என்கிறது. பதிப்புரிமையை வேறொருவருக்கு விற்ற பிறகும் இந்த உரிமை அவரிடமே இருக்கும். சிற்பி அமர் நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்ததற்காக வழக்குப் போட்டு, இதே பிரிவை வைத்துத்தான் 2005இல் ஜெயித்தார். ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும், எஞ்சிய துண்டுகளும் கிடைத்தன.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அங்கே படத்தோடு போகும் குறிப்பை நம்ப முடியாது. ஒருவர் சேமித்து மறுபடி அனுப்பினால் குறிப்பு போய்விடும், படக் கோப்புக்குள் இருக்கும் தகவலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். படத்துக்குள் தெரியும் பெயர்தான் மிஞ்சும். அதனால்தான் நான்காம் படியில் ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

"ரவிவர்மா படத்துக்கும் அனுமதி கேட்க வேண்டுமா?" வேண்டாம். அவர் 1906இல் இறந்தவர். இந்தியாவில் ஓவியத்துக்கான பதிப்புரிமை, படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்வரைதான். பெயர் மட்டும் போடுங்கள். ஆனால் அது ரவிவர்மாதானா என்று பாருங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் சாமி படம் எல்லாமே நம் ஊரில் 'ரவிவர்மா படம்'தான். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்து, சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வந்த முருகன்களையும் லட்சுமிகளையும் ரவிவர்மா கணக்கில் எழுதியிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோலத்துக்கு யார் பெயரைப் போடுவது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்கு யோசிக்க ஒரு நாள் ஆனது. பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் அன்று காலையில் குனிந்து அதை இழுத்தவர் ஒருவர் இருக்கிறார், மாடியிலிருந்து படம் எடுத்தவர் இன்னொருவர். "கோலம்: எதிர்வீட்டு மாமி, படம்: நான்" என்று மாமியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கோயில் சிற்பத்தின் புகைப்படத்துக்கும் இதே கணக்குத்தான். செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் கிடைக்காது, படமெடுத்தவரைத் தேடினால் கிடைப்பார்.

அப்பத்தா படத்தின் கதி என்ன என்று பலர் கேட்டதால்: அந்தப் பதிவை நீக்கிவிட்டு, அந்தப் பெண் அனுப்பிய முழுப் படத்தோடு மறுபடி போட்டேன். இந்த முறை கூட்டுப் பதிவாக, அவர் பக்கத்திலும் சேர்ந்து வருகிற மாதிரி. கவிதையில் ஒரு வரியை மாற்றச் சொன்னார். அப்பத்தாவுக்கு மூக்குத்தி கிடையாதாம்.

இன்னும் ஆறு படங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆறையும் என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதில் ஒன்று: மழை ஓய்ந்த மண்சாலை, ஒற்றை மாட்டுவண்டி, வைக்கோல் மேல் மல்லாந்து படுத்திருக்கும் சிறுவன். சக்கரத்துக்குக் கீழே 'ரா' என்று தொடங்கும் கையெழுத்து, மீதி வெட்டுப்பட்டுவிட்டது. முழுப் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.