டெசொலேஷன் சவுண்ட்ல ராத்திரி போட்டை நிறுத்தறது எப்படி: ஆங்கரும் மரத்துல கட்டற கயிறும்

போட் ஓட்டற கார்டு, லைஃப் ஜாக்கெட், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் கையில இருக்குன்னு வெச்சுக்கறேன், அதுக்குள்ள போகல.

இடம் கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா கரை. 1792ல கேப்டன் வான்கூவர் வந்து பாத்துட்டு வெறுத்துப்போய் வெச்ச பேருதான் டெசொலேஷன் சவுண்ட், ஆனா ஜூலைல போனீங்கன்னா குளிச்சிட்டே கிடக்கலாம், தண்ணி அவ்ளோ வெதுவெதுப்பு. பிரிடோ ஹேவன் மாதிரி மூலைக்கு ரோடே கிடையாது. பிரச்சனை என்னன்னா கரை செங்குத்தா இறங்குது, இடமும் சின்னது, ஆங்கர் (நங்கூரம்) மட்டும் போட்டா போட் சுத்தி வந்து பாறையிலயோ பக்கத்து போட்லயோ முட்டும். அதனால முன்னாடி ஆங்கர், பின்னாடி கரை மரத்துல கயிறு. இதுக்கு ஸ்டெர்ன் டைன்னு பேரு.

முதல்ல கணக்கு. நான் மாட்டினது இங்கதான், நிதானமா படிங்க. சாயங்காலம் லோ டைட்ல (கடல் தண்ணி இறங்கி இருக்கற நேரம்) போய் சேந்தேன், சவுண்டர் (ஆழம் காட்டற கருவி) 6 மீட்டர் காட்டுச்சு, ஆழத்துக்கு நாலு மடங்கு ஆங்கர் செயின் போதும்னு 24 மீட்டர் விட்டுட்டு சாப்பிட்டு தூங்கிட்டேன். ராத்திரி தண்ணி 4 மீட்டர் ஏறிடுச்சு, போட் மூக்கு தண்ணிக்கு மேல 1 மீட்டர், ஆக மொத்தம் 11. இப்ப அந்த 24 மீட்டர் ரெண்டு மடங்கு சொச்சம்தான்! பக்கவாட்டுல லேசா காத்து அடிச்சதும் ஆங்கர் வழுக்கி பக்கத்து போட் மேல சாஞ்சிட்டோம், மூணு மணிக்கு லுங்கியோட நின்னு கையால தள்ளிட்டு இருந்தேன். நான் விட்டிருக்க வேண்டியது 44 மீட்டர். எப்பவும் அன்னிக்கு வரப்போற ஹை டைட்டுக்குதான் (தண்ணி முழுசா ஏறி நிக்கற நேரம்) கணக்கு. ஹை டைட்ல போய் சேந்தா உல்டா, இறங்கினப்புறம் அடியில, முக்கியமா பின்பக்கம் சுக்கானுக்கு, தண்ணி மிச்சம் இருக்குமான்னு பாக்கணும்.

அடுத்து ஆங்கரை கரையிலருந்து தள்ளி போட்டு, ரிவர்ஸ்ல மெதுவா வந்து, செயின் விறைச்சு நிக்குதான்னு பாருங்க. ஆங்கர்ல ரொக்னா மாதிரி புது டிசைன்தான் என் ஓட்டு, பழைய கலப்பை டைப் எனக்கு செட்டே ஆகல.

அப்புறம் ஒருத்தர் டிங்கில (கூட வர்ற சின்ன படகு) கயிறோட போய் மரத்தை சுத்தி, அதே முனைய போட்டுக்கே திருப்பி கொண்டு வரணும். 100 மீட்டராவது வாங்குங்க, மிதக்கற பாலிப்ரொப்பிலீன் கயிறுதான், நைலான் முங்கி ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கும். ஸ்மக்லர் கோவ் மாதிரி சில மரைன் பார்க்ல பாறையிலயே வளையம் அடிச்சிருக்காங்க, இருந்தா அதுல கட்டுங்க, மரப்பட்டை தேயாது. கரையெல்லாம் சிப்பி, பிளேடு மாதிரி இருக்கும், காத்தடிச்ச டிங்கிய இழுத்து ஏத்தாதீங்க, செருப்பு போட்டு இறங்குங்க.

அப்டேட்: டைட் நேரம் ஒரு மணி நேரம் தப்பா வருதேன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அச்சடிச்ச டைட் டேபிள் எந்த டைம்ல இருக்குன்னு பாருங்க, ஸ்டாண்டர்ட் டைம்ல இருந்தா கோடையில ஒரு மணி நேரம் கூட்டிக்கங்க.

இன்னொருத்தர் கெளம்பும்போது கயிறு வரலைன்னாரு. ஒரு முனைய விட்டுட்டு இன்னொன்ன இழுக்கணும், விடற முனையில முடிச்சு இருக்கக்கூடாது, இருந்தா மரத்துல மாட்டிக்கும், திரும்ப டிங்கிய இறக்கணும்.