பத்துப் பேர், ஒரு வீடு, ஒரு நிருபம்: வேதபாடக் குழுவைத் தொடங்குவது எப்படி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று கை குலுக்குகிறோம், "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கிறோம், "கர்த்தருடைய கிருபை" என்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பாடியவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆனது நமக்குத் தெரியாது. அப்போஸ்தலர் 2:42-ல் உபதேசத்துக்கு அடுத்த வார்த்தையே அந்நியோந்நியம். ஆதி சபையில் இரண்டும் சேர்ந்தே நடந்தன, நாம்தான் ஒன்றைப் பிரசங்க பீடத்துக்கும் இன்னொன்றை வருடாந்திர ஐக்கிய விருந்துக்கும் அனுப்பிவிட்டோம். இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவர ஒரு சின்னக் குழு போதும்.

முதலில் போதகரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் தொடங்கும் குழு, நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும், சபைக்குள் ஒரு கட்சி மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டடக் கடனை அடைப்பதற்காகப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பிரித்து, வாரம் ஒரு பென்னி வாங்க வீடு வீடாகப் போனார்கள். காசு வாங்கப் போனவர்களுக்கு அந்த வீடுகளில் நடந்த சண்டையும் குடியும் கண்ணில் பட்டன. கடனுக்காகச் செய்த ஏற்பாடு, ஒருவரையொருவர் விசாரிக்கிற வாராந்திரக் கூடுகையாக மாறியது அப்படித்தான்.

எல்லா வயதினரையும் கலந்து அழையுங்கள். வாலிபருக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதும் தேவைதான், ஆனால் கல்லூரிப் பையனும் எழுபது வயது அம்மாவும் ஒரே வசனத்தைப் படிக்கும்போது நடப்பது வேறு.

எதைப் படிப்பது? தயவுசெய்து வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரத்துக்கு நான் எப்போதும் எடுப்பது பிலேமோன் நிருபம், அதாவது பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய கடிதம். மொத்தமே 25 வசனம், ஒரே உட்காரலில் முடிந்துவிடும், போதாததற்கு இரண்டாம் வசனத்திலேயே "உம்முடைய வீட்டிலே கூடுகிற சபை" வருகிறது, அதாவது இந்தக் கடிதமே உங்களைப் போன்ற ஒரு குழுவுக்கும் சேர்த்து எழுதப்பட்டதுதான். அடுத்து ரூத் நாலு அதிகாரம், பிலிப்பியர் நாலு அதிகாரம், குழு பழகிய பிறகு மாற்கு பதினாறு அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பையும் எளிய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் பாதிக் கேள்வி தானாகவே பிறக்கும்.

நடத்துகிறவர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பேசாமல் இருப்பது. கேள்வி கேளுங்கள்: இங்கே என்ன எழுதியிருக்கிறது, அப்படி ஏன் எழுதினார், அது உண்மையென்றால் இந்த வாரம் நான் என்ன செய்வேன். கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும், நாமே பதிலைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள்.

எங்கள் குழுவில் ஒரு நாள் பிலேமோன் பதினெட்டாம் வசனத்தில் நின்றோம். பிலேமோனின் அடிமையான ஒநேசிமு பட்ட கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பவுல் சொல்கிற இடம். நமக்காக அப்படி யாராவது சொன்னதுண்டா என்று கேட்டேன். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். அதுவரை வாயே திறக்காத ஒரு அக்கா, வேதாகமத்தின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தவர், "எனக்காக யாரும் சொன்னதில்லை, ஆனால் நான் ஒருத்திக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை" என்றார். அதன் பிறகு அன்று யாரும் விளக்கம் கொடுக்கவில்லை, ஜெபத்துக்குப் போய்விட்டோம். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

இப்படிப் பேச்சு வர வேண்டுமானால், இங்கே சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை வேண்டும். அதை முதல் வாரமே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவருடைய ஜெப விண்ணப்பத்தை அவர் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் இன்னொரு குழுவுக்கு அனுப்புவதும் புறங்கூறுதல்தான், ஜெபத்துக்காக அனுப்பினேன் என்று சொன்னாலும் சரி.

நேரம் ஒன்றரை மணி. வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு பாடக் கால் மணி, வேதபாடம் முக்கால் மணி, மீதி முழுக்கப் பகிர்வதற்கும் ஜெபத்துக்கும். ஜெபத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் திணிக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு விண்ணப்பங்களை எழுதி, அடுத்த வாரம் அதைத் திறந்து "போன வாரம் அம்மாவின் ஆபரேஷனுக்காக ஜெபித்தோமே, என்ன ஆச்சு" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. சொன்ன நேரத்தில் முடியுங்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். குழந்தைகளைத் தனி அறையில் வைத்துக் கதை சொல்வதானால் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும்.

யாரையும் திடீரென்று "நீங்க வாசிங்க" என்று காட்டாதீர்கள், சிலருக்கு வாசிக்கத் தெரியாது, சிலருக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. முன்கூட்டியே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவுக்குள் கடன், சீட்டு, பொருள் விற்பனை வேண்டாம். ஞானஸ்நானம், அந்நிய பாஷையில் ஜெபிப்பது என்று விவாதம் சூடானால் எழுதி வைத்துப் போதகரிடம் கேட்கலாம் என்று அடுத்த வசனத்துக்குப் போங்கள்.

முதல் தடவை ஆறு வாரம் என்று சொல்லித் தொடங்குங்கள், பிடித்தால் தொடரலாம், முடியாதவர்கள் கூச்சப்படாமல் விலகலாம். நடுவில் ஒருவர் வராமல் போனால் மறுநாளே ஒரு போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், நேற்று எந்த வசனம் வரை போனோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும் என்று கேளுங்கள்.