வாங்கிய அன்றே ஓட்டாதீர்கள்: ஸ்பூல், கேசட் இயந்திரங்களில் நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும்போது, துணிக் கடைகளுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய மின்சாமான்கள் விற்பவர்கள் சிலர் அமர்ந்திருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒருவரிடம், திறந்த சக்கரங்களில் நாடா சுற்றி ஓடும் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கினேன். பிரான்சில் இருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்றார். மேலே ஐந்து அங்குல ஸ்பூல் ஒன்று நாடாவோடு மாட்டியபடியே இருந்தது. "வீட்டுக்குப் போய் பிளக்கைச் சொருகுங்கள் சார், பாடும்" என்று கையில் கொடுத்தார். நான் சொருகவில்லை. அதற்கு முன்பு இரண்டு இயந்திரங்களை அப்படிச் சொருகித்தான் இழந்திருந்தேன்.

வயதாகிப் பழுதான இயந்திரங்களைவிட, வாங்கி வந்த அன்று மாலையே நம் ஆவலால் பழுதானவை அதிகம் என்பது என் அனுபவம்.

முதலில் இயந்திரத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பழைய ஐரோப்பிய இயந்திரங்களில் 110, 127, 220 என்று எண்கள் பொறித்த சிறிய திருகு ஒன்று இருக்கும். பிரான்சில் பல ஊர்களில் 1960-கள் வரை 110, 127 வோல்ட் மின்சாரம் புழக்கத்தில் இருந்தது. நான் வாங்கியதில் அந்தத் திருகு 127-இல் நின்றது. அப்படியே நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகியிருந்தால் மின்மாற்றி அன்றே கருகியிருக்கும். திருகை மாற்றும்போது ஃபியூஸையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைந்த வோல்ட்டுக்குப் போட்ட ஃபியூஸ் அதிக ஆம்பியர் தாங்கும். 220-க்கு அது காவலாக இருக்காது.

அடுத்தது மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்). இருபது, முப்பது ஆண்டுகள் மின்சாரமே பாராமல் கிடந்த மின்தேக்கி, முழு வோல்ட் திடீரென்று ஏறினால் கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் இதற்கு அருமையான மருந்து. ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, அதன் வழியாக இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் இயந்திரமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: உள்ளே 250 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் இருந்தோ ஜப்பானில் இருந்தோ உறவினர் கொண்டுவந்த இயந்திரம் என்றால், ஸ்டெப் டவுன் மின்மாற்றி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும்; அலைவெண்ணை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றாது. பழைய ஸ்பூல் இயந்திரங்கள் பலவற்றில் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பதே மின்சாரத்தின் அலைவெண்தான். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். சங்கீதம் கேட்பவர்களுக்குச் சொல்வதென்றால், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். நாடா இழுபட்டுவிட்டது என்று நினைத்து நல்ல நாடாவைத் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி மோட்டாரின் புல்லியையோ, நாடாவை இழுக்கும் அச்சான கேப்ஸ்டனின் உறையையோ மாற்ற வேண்டும். டிசி மோட்டாரில் ஓடும் கேசட் இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி எண்ணெய். பூட்டு, கதவுக் கீல் என்று எதற்கும் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகிய கை நம்முடையது. அந்தக் கையைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும், நாளானால் பிசினாகும். கடலூரில் ஒரு வீட்டில் பார்த்த கேசட் டெக் காலையில் இழுத்து இழுத்துப் பாடும், அரை மணி நேரம் சூடானதும் சரியாகிவிடும். திறந்து பார்த்தால் கேப்ஸ்டன் அச்சைச் சுற்றி மஞ்சள் பிசின்; அந்த வீட்டுத் தாத்தா ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு எண்ணெய் விட்டு வந்திருக்கிறார். அன்போடு செய்ததுதான். துரு நீக்கும் ஸ்பிரேயை அடிப்பது இதைவிட மோசம். அது பரவி, நாடாவை கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையில் படிந்தால், நாடா வழுக்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையால், அச்சின் தாங்கியில் மட்டும் போதும்.

நாடாவில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க மருந்துக் கடை ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எதுவும் வேண்டாம். சானிடைசரில் நீரும் கிளிசரினும் இருக்கும். தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். செல்போன் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் சரி. பஞ்சில் பழுப்பு நிறம் வராத வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அதை அடிக்கடி பயன்படுத்தினால் ரப்பர் காய்ந்து வெடிக்கும்; சோப்பு நீரில் லேசாக நனைத்த துணியே போதும்.

பழைய ரப்பர் பெல்ட்டுகள் தார்போல் உருகி உள்ளே ஒட்டிக்கிடக்கும். வெறுங்கையால் தொட்டால் அந்தக் கறுப்பு நாலு நாள் போகாது. முழுவதும் துடைத்தெடுக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் வழுக்கும். பூக்கட்டுக்கும் பொட்டலத்துக்கும் போடும் ரப்பர் பேண்டை மாட்டி, ஓடுகிறதே என்று மகிழ வேண்டாம். பெல்ட் போகும் பாதையை நூலால் அளந்து, அதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்த சுற்றளவில், அதே தடிமனில் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒலி மந்தமாக இருக்கிறது என்றதும் ஹெட்டின் பக்கத்துத் திருகைத் திருகாதீர்கள். பத்தில் ஒன்பது முறை அழுக்குதான் காரணம். அந்தத் திருகு நாடாவுக்கும் ஹெட்டுக்கும் உள்ள செங்குத்தை நிர்ணயிக்கிறது. ஒருமுறை கலைந்தால், சரியாகப் பதிவான நாடா ஒன்றைக் கேட்டுக் கேட்டுத்தான் திரும்ப நிலைக்குக் கொண்டுவர முடியும்.

இயந்திரத்துக்கு மாற்று கிடைக்கும். நாடாவில் இருப்பது பெரும்பாலும் ஒரே பிரதி. அதனால் எனக்கு அதிகக் கவலை நாடாவைப் பற்றித்தான். நம் கடற்கரையில் அதன் முதல் எதிரி பூஞ்சை. கேசட்டின் சிறு கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாடாச் சுற்றின் மேல் வெண்பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஓட்டினால் அது ஹெட்டில் ஏறி, அங்கிருந்து அடுத்தடுத்த கேசட்டுகளுக்குப் போகும். அந்த நாடாவைத் தனியே வைத்து, உலர்த்தி, துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். பீரோவில் பாச்சை உருண்டை போடுவதும் தவறு. கேசட் பெட்டியின் பிளாஸ்டிக்கை அது இளக்கக்கூடியது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் வியர்க்கும் சுவரோடு ஒட்டி அலமாரியை நிறுத்தாதீர்கள்.

புயல் நமக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல், 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல் என்று வீட்டுக்குள் தண்ணீர் வந்த நாள்களை மறக்க முடியாது. நனைந்த இயந்திரத்தை 'வேலை செய்கிறதா' என்று பார்க்கச் சொருகாதீர்கள். நனைந்த நாடாவை ஹேர் டிரையரில் காட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் சேற்றை அலசி, நிழலில் காற்றாட விடுங்கள்.

ஸ்பூல் நாடாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் வழியே ஒளி ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் நாடா; காடி வாசம் அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். 1970, 80-களின் சில நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சி, ஓட்டும்போது கிறீச்சிட்டுப் பழுப்புப் பிசினை உதிர்க்கும். அவற்றை ஏறக்குறைய 50 முதல் 55 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து மீட்கும் முறை உண்டு. அது கட்டுப்பாடான உலர்த்தியில், தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது. வீட்டு ஓவனில் முயல வேண்டாம். அசிடேட்டை ஒருபோதும் சூடாக்கக் கூடாது.

பதிவுப் பொத்தானைப் பற்றி ஒன்று. எந்தப் பழைய கேசட்டையும் இயந்திரத்தில் போடும் முன், அதன் முதுகில் உள்ள இரண்டு சிறு தாவல்களை உடைத்துவிடுங்கள். பிறகு தவறிக்கூட அதன்மேல் பதிவாகாது. ஸ்பூலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கையின் கவனம் மட்டுமே. முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சில நாடாக்கள் ஒருமுறைதான் ஓடும்.

சந்தையில் வாங்கிய அந்த ஸ்பூலை மூன்று வாரம் கழித்துத்தான் ஓட்டினேன். ஒரு பெண் குரல். மகனுக்குப் பேசுகிறார். மழை நின்றுவிட்டது, கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது, நீ அனுப்பிய பணம் வந்தது, அங்கே குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்கிறாயா என்று பதினொரு நிமிடம். தம்பி என்றுதான் அழைக்கிறார். ஊர், பெயர், தேதி எதுவும் இல்லை. விற்றவரிடம் மறு வாரமே போய்க் கேட்டேன். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள் என்றார். ஸ்பூல் பெட்டியின் மேல் 'அம்மா, மகனுக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.