மிளகிலிருந்து பைப்பரின்: எக்ஸ்கதிருக்குத் தாங்கும் படிகம் வளர்ப்பது எப்படி

மூலிகைச் சேர்மத்தின் படிக அமைப்பைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் மிளகில் ஆரம்பிப்பது நல்லது. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் நிறைய கிடைக்கும், படிகமாக அடம்பிடிக்காது. 1819-லேயே எர்ஸ்டெட் இதைப் பிரித்தெடுத்துவிட்டார் (மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை மறுவருடம் காட்டிய அதே ஆள்தான்).

மிளகுத்தூளை எத்தனாலில் சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சாறெடுக்கும் கண்ணாடிக் கருவி) போட்டு, சாற்றைச் சுண்டவைத்து, ஆல்கஹாலில் கரைத்த 10 சதவீதப் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலை வெதுவெதுப்பாகச் சேர்த்தால் பிசின் அமிலங்கள் உப்பாகிப் பிரிந்துவிடும். இதைக் கொதிக்கவிட்டு மறந்துவிடாதீர்கள், பைப்பரினே உடைந்து பைப்பரிக் அமிலமாகிவிடும். வடிகட்டி, கலங்கும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஒரு இரவு வைத்தால் மஞ்சள் ஊசிகள் இறங்கும். உருகுநிலை 130 டிகிரிக்கு அருகில் கூர்மையாக இருந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி படிகமாக்குங்கள்.

பலரும் இந்த ஊசியையே நேராக எக்ஸ்கதிர் இயந்திரத்தில் வைக்கப் பார்க்கிறார்கள். அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டுகள், கிடைக்கும் தரவு குப்பையாக இருக்கும். 20 மில்லிகிராமை முடிந்தவரை குறைந்த அசிட்டோனில் கரைத்து, பஞ்சு வழியாக வடித்து, சின்னக் குப்பியில் ஊற்றுங்கள். தூசி இருந்தால் நூறு இடத்தில் படிகம் முளைத்து எதுவும் பெரிதாகாது. குப்பியைத் திறந்தபடியே, அடியில் கொஞ்சம் ஹெக்ஸேன் உள்ள பெரிய ஜாடிக்குள் வைத்து ஜாடியை மூடிவிடுங்கள். ஹெக்ஸேன் ஆவி மெல்ல உள்ளே போகப் போக, கரைதிறன் குறைந்து படிகம் வளரும். வெளிச்சத்தில் பைப்பரின் வேறு ஐசோமர்களாக (அதே அணுக்கள், வேறு அமைப்பு) மாறும், அதனால் இருட்டான இடம் வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. அப்புறம், தினமும் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்! மறுபடியும் மெல்லிய ஊசிதான் வருகிறதென்றால் அசிட்டோனை விட்டு எத்தில் அசிடேட்டுக்கு மாறிப் பாருங்கள்.

0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும். முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் திருப்பும்போது 90 டிகிரிக்கு ஒருமுறை முழுப் படிகமும் ஒரே சமயத்தில் இருண்டால் அது ஒற்றைப்படிகம். ஒரு பாதி மட்டும் இருண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். எண்ணெயில் தோய்த்து ஏற்றி, 100 கெல்வினில் அளந்தால் அணுக்களின் அதிர்வு அடங்கும்.

பைப்பரினில் கைரல் மையம் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டிய, மூலக்கூறுக்கு வலக்கை இடக்கை வடிவம் தரும் அணு) இல்லை. மோனோகிளினிக் அலகுக்கூடு (ஒரு கோணம் மட்டும் சாய்ந்த, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) வரும், வலக்கை இடக்கைச் சிக்கல் கிடையாது. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு மாதிரி கைரல் சேர்மம் என்றால் செம்பிலிருந்து வரும் எக்ஸ்கதிரில் அளந்து, பிளாக் அளவுரு (வலக்கையா இடக்கையா என்று நாம் எடுத்தது சரியா எனக் காட்டும் எண்) பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதா, அதன் பிழை அளவு சிறியதா என்று இரண்டையும் பாருங்கள்.

ஆர் மதிப்பு (நம் மாதிரிக்கும் அளந்த தரவுக்கும் உள்ள வேறுபாடு) 5 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் கொண்டாட வேண்டாம். பைப்பெரிடின் வளையம் நாற்காலி வடிவில் இருக்கிறதா, சங்கிலியின் இரண்டு இரட்டைப் பிணைப்பும் டிரான்ஸ்தானா (சங்கிலி எதிரெதிர்ப் பக்கங்களில் தொடர்கிறதா), அமைடு கார்பன்–ஆக்சிஜன் நீளம் 1.23 ஆங்ஸ்ட்ராம் பக்கம் நிற்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் அமைப்புத் தரவுக் கோப்பைப் படிக அமைப்புகளைச் சேமிக்கும் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள்.